அனுமதியும் எல்லையும்: இஸ்லாமியர் ஆளும் மண்ணில் கிறிஸ்தவப் பணி

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னை நெடுஞ்சாலையில் வடக்கே போகிறவர்கள் கண்ணில் ரஞ்சன்குடிக் கோட்டை படாமல் போகாது. ஆற்காட்டு நவாபுக்குக் கட்டுப்பட்ட ஜாகீர்தார் ஒருவரின் கோட்டை அது. அதே வட்டாரத்து வாலிகண்டபுரத்தில் 1751-ல் முகமது அலியின் படையும் சந்தா சாகிபின் படையும் நவாப் பதவிக்காக மோதின. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றனர், சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர். அங்கிருந்து தென்கிழக்கே, அரியலூர் மாவட்டத்தின் கொள்ளிடக் கரைப் பக்கம், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா ஆலயம் நிற்கிறது. இத்தாலியிலிருந்து வந்து வீரமாமுனிவர் என்று பெயர் பெற்ற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி நீண்ட காலம் தங்கிப் பணியாற்றிய ஊர் அது. திருக்காவலூர் என்ற பெயரை அதற்குச் சூட்டியவரும் அவரே.

நவாபின் கோட்டையும் பாதிரியாரின் கோயிலும் ஒரே வட்டாரத்தில் எப்படி இருந்தன என்று கேட்டால், அது ஒரு பெரிய கேள்வியில் கொண்டுபோய் விடுகிறது. அதிகாரமோ பெரும்பான்மையோ இஸ்லாமியர் கையில் இருக்கும் இடத்தில் ஒரு திருச்சபை எதைச் செய்யலாம்? எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்? எண்ணூறு ஆண்டுகளாவது பழைய கேள்வி இது. அதற்குச் சொல்லப்பட்ட முக்கியமான விடைகளையும் அவற்றின் வேர்களையும் குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. இரண்டு நிலைமைகளை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. நவாபின் கர்நாடகத்தில் ஆட்சி முஸ்லிம்களுடையது, மக்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இன்றைய மலேசியாவிலோ இந்தோனேசியாவிலோ மக்கள்தொகையிலேயே முஸ்லிம்கள்தான் பெரும்பான்மை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் விடைகளும் குழம்பிவிடும்.

ஏலாக்குறிச்சி: அரசரைச் சந்தித்த முனிவர்

முதல் விடை, ஆள்பவரின் நல்லெண்ணத்தைப் பெறுவது. இயேசு சபையினர் இதை நன்கு பழகியிருந்தனர். 1580-ல் ருடால்ஃப் அக்குவாவிவா தலைமையில் மூன்று குருக்கள் ஃபதேபூர் சிக்ரியில் அக்பரின் அவைக்குப் போனார்கள். அக்பர் அவர்களை மதிப்போடு வரவேற்று, கொண்டுவந்த விவிலியப் பிரதிகளைப் பணிவோடு வாங்கிக்கொண்டு, மற்ற சமயத்தாரோடு வாதிடவும் இடம் கொடுத்தார். மதம் மட்டும் மாறவில்லை.

வீரமாமுனிவரின் கதையும் இந்த வரிசையில்தான் சேர்கிறது. 1736-ல் திருச்சிராப்பள்ளியைக் கைப்பற்றிய சந்தா சாகிபைக் காண்பதற்காக அவர் பாரசீகமும் உருதுவும் சில மாதங்களில் கற்றதாகவும், நவாப் மகிழ்ந்து ஊர்களை மானியமாகத் தந்து திவான் பொறுப்பும் அளித்ததாகவும் சொல்லப்படுகிறது. இந்தச் செய்திகளில் பெரும்பகுதி முத்துசாமிப் பிள்ளை 1822-ல் எழுதிய வரலாற்றிலிருந்து வருகிறது. முனிவர் இறந்து முக்கால் நூற்றாண்டு கழிந்த பிறகு எழுதப்பட்டது அந்நூல். ஆகவே திவான் பதவி போன்ற செய்திகளைப் பிற்கால ஆய்வாளர்கள் தயக்கத்தோடுதான் ஏற்கிறார்கள். இந்து அரசரான அரியலூர் மழவராயரும் ஏலாக்குறிச்சி ஆலயத்துக்கு நிலம் வழங்கினார் என்பது ஆலய மரபு. இரு மரபுகளையும் சேர்த்துப் பார்த்தால், கோயில் நிலைத்ததற்கு ஆட்சியாளர் ஆதரவு அவசியமாக இருந்தது என்ற அளவில் உறுதியாகச் சொல்லலாம்.

இந்த வழியின் பலவீனமும் ஏலாக்குறிச்சியிலேயே தெரிகிறது. 1741-ல் மராத்தியர் திருச்சியைப் பிடித்து, சந்தா சாகிபைச் சிறையெடுத்துச் சென்றனர். அந்தக் கொந்தளிப்புக் காலத்தில் முனிவரும் இப்பகுதியை விட்டுத் தெற்கே போய்விட்டார். ஆள் மாறினால் ஆதரவும் போய்விடும். மைசூரில் அதன் கடுமையான வடிவத்தைக் காணலாம். ஹைதர் அலி, 1779-ல் தம்மிடம் தூது வந்த லூத்தரன் போதகர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஷ்வார்ட்ஸை நம்பினார். அடுத்த ஆண்டு போர் மூண்டபோதும் அவருக்குத் தொல்லை தரக்கூடாது என்று தம் படையினருக்கு உத்தரவிட்டார். அவர் மகன் திப்பு சுல்தானோ 1784-ல் மங்களூர்க் கத்தோலிக்கர்களைப் பெருந்திரளாகச் சிறைப்பிடித்து ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு நடத்திச் சென்றார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே மாறியது மதக்கொள்கை மட்டுமா, ஆங்கிலேயரோடு மங்களூர்க் கிறிஸ்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள் என்ற சந்தேகமும் அதில் உண்டா என்பதில் வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். வீரமாமுனிவரிடமும் ஷ்வார்ட்ஸிடமும் வந்து சேர்ந்தவர்களில் முஸ்லிம்கள் மிகச் சிலரே. நவாபின் நாட்டில் வளர்ந்த சபை, நவாபின் மதத்தாரைக் கொண்டு வளரவில்லை.

வாதமேடை

இரண்டாவது விடை, நேருக்கு நேர் வாதம். ஜெர்மானிய மிஷனெரியான கார்ல் காட்லீப் ஃபாண்டர் எழுதிய ‘மீஸான் அல்-ஹக்’ என்ற நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அணுகுமுறையின் கொடியாக விளங்கியது. 1854 ஏப்ரலில் ஆக்ராவில் அவருக்கும் இஸ்லாமிய அறிஞர் ரஹ்மதுல்லா கைரானவிக்கும் பொது விவாதம் நடந்தது. விவிலியப் பிரதிகளுக்கிடையே காணும் வேறுபாடுகளை ஐரோப்பிய ஆய்வாளர்களின் நூல்களிலிருந்தே எடுத்துக்காட்டிக் கைரானவி மடக்கினார். ஃபாண்டர் அதற்குத் தயாராக வந்திருக்கவில்லை. கைரானவி பிறகு எழுதிய ‘இஸ்ஹார் அல்-ஹக்’ உலகெங்கும் பரவியது. தென்னாப்பிரிக்காவின் அகமது தீதாத்தைப் பேச்சாளராக ஆக்கியதில் அந்நூலுக்குப் பங்குண்டு. தமிழகத்திலும் தவ்ஹீத் அமைப்பினரும் கிறிஸ்தவப் பேச்சாளர்களும் மேடை போட்டு வாதிட்ட பதிவுகள் இன்றும் சுற்றில் இருக்கின்றன.

வாதம் வெளிப்படையானது, யாரையும் பொருள் காட்டி இழுப்பதில்லை. அது இதன் நேர்மை. ஆனால் அது பெரும்பாலும் இரு தரப்பிலும் ஏற்கெனவே நம்புகிறவர்களையே கெட்டிப்படுத்தியது. ஒரு தரப்பு வாதம் மறு தரப்பில் எதிர்வாத நூல்களின் பெரும் மரபையே உண்டாக்கிவிட்டது.

பள்ளியும் மருத்துவமனையும்

மூன்றாவது விடை, சேவை. 1889-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கேன்டைனும் சாமுவேல் ஸ்வெமரும் தொடங்கிய அரேபிய மிஷன் பஸ்ரா, பஹ்ரைன், மஸ்கட், குவைத் ஆகிய இடங்களில் மருத்துவமனைகளை நடத்தியது. எண்ணெய் கிடைப்பதற்கு முந்தைய வளைகுடாவில் பல ஊர்களுக்கு அதுவே முதல் நவீன மருத்துவம். பஹ்ரைனின் அமெரிக்கன் மிஷன் மருத்துவமனை நூற்றாண்டு தாண்டி இன்றும் இயங்குகிறது. இத்தனை உழைப்புக்கும் மதம் மாறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

தோல்வி என்று இதைச் சொல்லலாமா? மதமாற்றமே நோக்கம் என்றால் ஆம். நோயாளிக்கு வைத்தியம் செய்வதே சாட்சியம் என்றால் இல்லை. இரண்டில் எது நோக்கம் என்பதைத் தெளிவுபடுத்தாததே இந்த அணுகுமுறையின் தீராத சிக்கல். 1976-ல் சுவிட்சர்லாந்தின் ஷம்பேஸியில் கிறிஸ்தவ, முஸ்லிம் அறிஞர்கள் கூடி மறைப்பணியையும் இஸ்லாமிய அழைப்புப் பணியான தஃவாவையும் விவாதித்தபோது, முஸ்லிம் தரப்பின் மனக்குறையில் முதன்மையாக நின்றது இதுதான்: பசியையும் நோயையும் அறியாமையையும் மதம் மாற்றும் வாய்ப்பாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றார்கள். கிறிஸ்தவ தரப்பினரும் அதில் உண்மை இருப்பதை மறுக்கவில்லை. 2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட நடத்தை நெறி, ஆசை காட்டுவதையும் வற்புறுத்துவதையும் வெளிப்படையாக விலக்கியது.

உடன் வாழ்தல்

நான்காவது விடையில் பேச்சுக்கே முதலிடம் இல்லை. 1219-ல், சிலுவைப் போரின் நடுவே, அசிசி நகர் பிரான்சிஸ் எகிப்தில் சுல்தான் அல்-காமிலைச் சந்தித்துவிட்டு உயிரோடு திரும்பியது இதன் முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. பிரெஞ்சுத் துறவி சார்லஸ் து ஃபூக்கோ சஹாராவில் துவாரெக் மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் மொழிக்கு அகராதி தொகுத்து, ஏறக்குறைய யாரையும் மதம் மாற்றாமல் 1916-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-ல் அவரைப் புனிதராக அறிவித்த அதே திருப்பலியில்தான் குமரி மண்ணின் தேவசகாயம் பிள்ளையும் புனிதரானார். முதலாமவர் ஏறக்குறைய யாரையும் மாற்றாமல் வாழ்ந்தவர், மற்றவர் தாமே மதம் மாறியதால் திருவிதாங்கூரில் உயிரிழந்தவர். இருவரையும் ஒரே நாளில் ஏற்ற திருச்சபை, இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை தன்னிடம் இல்லை என்பதையும் ஒருவகையில் காட்டிவிட்டது.

இந்த மாற்றத்தை ஒரு நிறுவனத்தின் வாழ்க்கையிலேயே பார்க்கலாம். 1930-ல் லாகூரில், முஸ்லிம்களிடையே பணியாற்றுவோருக்குப் பயிற்சி தரத் தொடங்கப்பட்ட ஹென்றி மார்ட்டின் பள்ளி, பின்னர் ஹைதராபாத்துக்கு வந்து, இன்று சமய நல்லிணக்கத்துக்கும் சமரசத்துக்குமான நிலையமாக இயங்குகிறது. நற்செய்தி அறிவிக்கும் கடமையிலிருந்து இது பின்வாங்கல் என்று இவாஞ்சலிக்கல் சபையினர் விமர்சிக்கிறார்கள். பக்கத்து வீட்டாரைக் குறிவைக்காமல் அவரோடு பழகக் கற்றுக்கொண்டோம் என்பது மறுதரப்பின் பதில்.

உள்ளிருந்தே சீடராதல்

ஐந்தாவது விடை அண்மைக் காலத்தில் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. இயேசுவை ஏற்றவர் தம் சமூகத்தையும் பெயரையும் வழிபாட்டு முறையையும் விட வேண்டுமா? ஜாவாவில் 1924-ல் மறைந்த கியாய் சத்ராக் அவ்வாறு விடவில்லை. ஜாவானிய ஆசான்களைப் போலவே வாழ்ந்து பெரும் சீடர் கூட்டத்தைத் திரட்டினார், டச்சு மிஷனெரிகளின் அதிகாரத்துக்கும் அடங்கவில்லை. 1970-களிலிருந்து வங்கதேசத்தில் இதன் புதிய வடிவங்கள் தோன்றின. மசூதிக்குப் போய்க்கொண்டே இயேசுவைப் பின்பற்றலாம் என்றுகூட ஒரு சாரார் சொன்னபோது, அங்கு உள்ளூர்ப் பண்பாட்டோடு இசைந்த பணிக்கு முன்னோடியான ஃபில் பார்ஷலே எல்லை மீறுகிறது என்று எச்சரித்தார். குடும்பமும் ஊரும் சிதறாமல் காக்கிறது என்பது இவ்வழியின் வலிமை. ஏமாற்று என்ற குற்றச்சாட்டு இரு சமயத்தாரிடமிருந்தும் வருவது அதன் பலவீனம்.

மலேசியா: சட்டமான கோடு

தமிழர்களுக்கு இந்தக் கேள்வி மிக நெருக்கமாக வருவது மலேசியாவில். அங்கே விடையைச் சபை தேர்ந்தெடுக்கவில்லை, அரசே எழுதி வைத்தது. 1874-ன் பங்கோர் ஒப்பந்தப்படி, பேராக் சுல்தான் மலாய் மதமும் வழக்கமும் தவிர்த்த எல்லா விஷயங்களிலும் ஆங்கிலேய ரெசிடென்டின் ஆலோசனையைக் கேட்டு நடக்க வேண்டியிருந்தது. அந்த விதிவிலக்கைக் காப்பாற்றுவதில் ஆங்கிலேயருக்கும் ஆதாயம் இருந்தது. மலாய்க்காரர்களை மிஷனெரிகள் நெருங்கிக் கலகம் வருவதை அவர்கள் விரும்பவில்லை.

ஆகவே மிஷன்கள் குடியேறியவர்கள் பக்கம் திரும்பின. கும்பகோணம், புதுச்சேரி வட்டாரங்களில் பணியாற்றிய அதே பாரிஸ் மறைபரப்புச் சபையின் குருக்கள் மலாயாவிலும் தமிழர்களுக்காகப் பங்குகளை அமைத்தனர். பேராக்கின் பாகான் செராயில் 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கக் குடியிருப்பே உருவானது. மெத்தடிஸ்டுகள் 1885-ல் சிங்கப்பூரில் தொடங்கித் தமிழ்ச் சபைகளை வளர்த்தனர். தரங்கம்பாடி மரபில் வந்த லூத்தரன் தமிழர்கள் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் சீயோன் ஆலயத்தைக் கட்டினர். ரப்பர் தோட்டத்துச் சிற்றாலயங்களில் தமிழில் பாட்டும் ஜெபமும் நடந்தன. எல்லைக்கு அப்பாலிருந்த மலாய்க் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) அவை போகவில்லை.

1957-ன் அரசியல் சட்டம் இந்தக் காலனியப் பழக்கத்தைச் சட்டமாக்கியது. மூன்றாம் பிரிவு இஸ்லாத்தைக் கூட்டரசின் மதம் என்று சொல்லி, பிற சமயங்கள் அமைதியாகப் பின்பற்றப்படலாம் என்கிறது. பதினோராம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையை வழங்கி, அதன் நான்காம் உட்பிரிவில், முஸ்லிம்களிடையே பிற சமயம் பரப்புவதை மாநிலங்கள் கட்டுப்படுத்தலாம் என்று வரம்பு போடுகிறது. சிலாங்கூரின் 1988 சட்டம் அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மலாய்க்காரர் என்றாலே முஸ்லிம் என்று 160-ம் பிரிவு வரையறுப்பதால், மதம் மாறுவது இனத்தை விட்டே விலகுவதாக ஆகிவிடுகிறது. 2020 கணக்கெடுப்பின்படி மலேசியரில் 63.5 விழுக்காட்டினர் முஸ்லிம்கள், 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் சபா, சரவாக் மாநிலங்களின் பூர்வகுடிகள்.

கோடு போட்டுவிட்டால் சிக்கல் தீரும் என்று நினைத்தவர்களுக்கு நீதிமன்றங்கள் வேறு பாடம் கற்பித்தன. அடையாள அட்டையிலிருந்து ‘இஸ்லாம்’ என்பதை நீக்கக் கோரிய லீனா ஜாயின் மனுவை 2007-ல் கூட்டரசு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தள்ளியது. முதலில் ஷரியா நீதிமன்றம் அவரை இஸ்லாத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்றது. ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வரும் கத்தோலிக்க வார இதழ் ‘ஹெரால்டு’, தன் மலாய்ப் பக்கத்தில் கடவுளை ‘அல்லாஹ்’ என்று எழுதலாமா என்ற வழக்கு 2009 டிசம்பரில் இதழுக்குச் சாதகமாக முடிந்தது. அடுத்த மாதமே ஆலயங்கள் தாக்கப்பட்டன. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது, 2014-ல் கூட்டரசு நீதிமன்றமும் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. அதே ஆண்டு ஜனவரியில் சிலாங்கூர் இஸ்லாமியத் துறையினர் விவிலியச் சங்க அலுவலகத்தில் புகுந்து முந்நூறுக்கு மேற்பட்ட விவிலியங்களை எடுத்துச் சென்றனர். 2021-ல் சரவாக்கைச் சேர்ந்த ஜில் அயர்லாந்து வழக்கில் உயர்நீதிமன்றம், கிறிஸ்தவ நூல்களில் ‘அல்லாஹ்’ என்ற சொல்லுக்கு அரசு விதித்திருந்த தடையே செல்லாது என்றது. 2023-ல் அரசு தன் மேல்முறையீட்டைத் திரும்பப் பெற்றது. நீதிமன்றத்துக்கு வெளியேயும் ஆபத்து இருந்தது: போதகர் ரேமண்ட் கோ 2017 பிப்ரவரியில் பெட்டாலிங் ஜெயாவில் பட்டப்பகலில் கடத்தப்பட்டார். காவல்துறையின் சிறப்புப் பிரிவுக்கு இதில் தொடர்பு உண்டென்று மனித உரிமை ஆணையம் 2019-ல் முடிவுக்கு வந்தது.

அண்டை நாட்டை ஒப்பிட்டால் சட்டம் மட்டுமே காரணமல்ல என்பது புரியும். இந்தோனேசியா உலகிலேயே மிக அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகளில் ஒன்று. அங்கே மதம் மாறத் தடையில்லை. கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான 1965-66 படுகொலைகளுக்குப் பின் ஜாவாவில் லட்சக்கணக்கானோர் கிறிஸ்தவர்களானார்கள். மதமில்லாதவர் என்றால் கம்யூனிஸ்ட் என்று முத்திரை விழும் அச்சமும், வன்முறையில் முஸ்லிம் அமைப்புகள் சில பங்கெடுத்ததும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் அங்கும் 2006 விதிப்படி ஆலயம் கட்ட, வழிபடுவோர் 90 பேரோடு அக்கம்பக்கத்தார் 60 பேரின் ஒப்புதலும் வேண்டும். பாகிஸ்தானின் கிறிஸ்தவர்களோ பெரும்பாலும், 1873-ல் சியால்கோட்டில் டிட் என்ற ஏழைத் தொழிலாளியிலிருந்து தொடங்கிய, தாழ்த்தப்பட்ட சாதியாரின் இயக்கத்தின் வழிவந்தவர்கள்.

மறுபக்கத்து வாதம்

எல்லை வேண்டும் என்போரின் வாதங்களைத் துவேஷம் என்று ஒதுக்கிவிட முடியாது. காலனி ஆட்சியின் துணையோடு, பணபலத்தோடு வந்த மிஷன்களுக்கு எதிராகத் தற்காப்பு தேவைப்பட்டது என்கிறார்கள். சமயம் தனிமனிதர் விருப்பம் மட்டுமல்ல, சமூகத்தின் உடைமையும்கூட என்பது அவர்களின் அடுத்த வாதம். இதற்கு இஸ்லாமுக்குள்ளேயே மாற்றுக் குரலும் உண்டு. 1948-ல் உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 18-ம் பிரிவில் மதம் மாறும் உரிமை சேர்வதைச் சவூதி அரேபியா எதிர்த்து, இறுதி வாக்கெடுப்பில் விலகி நின்றது. பாகிஸ்தானின் ஜஃபருல்லா கான் அந்தப் பிரிவை ஆதரித்தார். மதத்தில் கட்டாயத்தை மறுக்கும் குர்ஆனின் போதனையே அவருக்கு ஆதாரம். அவர் அகமதியா பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் அவர் வாதத்தைப் பலர் ஏற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியர்களும் இந்தக் கண்ணாடியில் தங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களே. 1977-ல் ஸ்டேனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்றது. 1981-ல் மீனாட்சிபுரத்தில் தலித்துகள் இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே கொதித்தது. தமிழக அரசு 2002-ல் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்து 2004-ல் திரும்பப் பெற்றது. பெரம்பலூர் மாவட்டத்திலேயே, முஸ்லிம்கள் அதிகம் வாழும் வ.களத்தூரில் கோயில் ஊர்வலத்துக்கு எழுந்த எதிர்ப்பை 2021-ல் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை. ஓர் இடத்தில் பெரும்பான்மையாக இருப்பது மற்றவரைத் தடுக்கும் உரிமையைத் தராது என்பது அத்தீர்ப்பின் சாரம். அந்த அளவுகோல் செல்லுமென்றால், எந்த மதம் பெரும்பான்மையாக இருக்கும் ஊருக்கும் நாட்டுக்கும் அது செல்ல வேண்டும்.

மதிப்பீடு

இந்த விடைகளைச் சேர்த்து நோக்கினால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. நவாபின் திருச்சியானாலும் சியால்கோட்டானாலும் பாகான் செராயானாலும் சபை பெருகியது பெரும்பாலும் முஸ்லிம் அல்லாதாரிடையேதான். ஆள்பவர் தந்த அனுமதியில் ஓர் எல்லையும் அடங்கியிருந்தது. பல இடங்களில் சபையும் அந்த எல்லையை ஏற்றுக்கொண்டு வாழப் பழகியது. ஜாவா இதற்கு முக்கியமான விதிவிலக்கு, ஆனால் அங்கே அரசியல் பேரழிவு ஒன்றும் குறுக்கே நின்றது. எனவே எந்த மறைப்பணி முறையையும் வெற்றி என்றோ தோல்வி என்றோ மதமாற்றக் கணக்கை மட்டும் வைத்து முடிவுகட்டுவது சரியாகத் தோன்றவில்லை.

சேவையை மதமாற்றத்துக்கான நிபந்தனையாக்கக் கூடாது என்பதில் இன்று இரு தரப்பிலும் ஓரளவு உடன்பாடு உண்டு. நம்பிக்கையை விட்டு விலக விரும்பும் தனிமனிதரைச் சட்டத்தால் கட்டிப்போடுவது நியாயமில்லை என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. லீனா ஜாய் வழக்கில் பாதிக்கப்பட்டது எந்தச் சபையும் அல்ல, ஒரு பெண்ணின் மனச்சாட்சி.

தீராமல் நிற்பவை பிற. எல்லை போட்டதால் மலேசியாவில் கிடைத்தது அமைதியா, பேசாமலிருக்கும் பழக்கமா? பொதுவான சட்டம் எல்லோருக்கும் ஒரே வரம்பு போட்டால் அது நியாயமாகுமா, அல்லது ஒரு சமூகத்தை மட்டும் காக்கும் வரம்புக்கும் காலனிய வரலாறு காரணம் தருமா? சட்டம் நீங்கினாலும் குடும்பமும் ஊரும் விதிக்கும் தடை நீங்குமா? இவற்றுக்கு விடை தேட வாதநூல்களைவிடப் பங்குப் பதிவேடுகள் உதவக்கூடும். ஏலாக்குறிச்சியிலும் பாகான் செராயிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் எந்தச் சமூகத்தினர், எந்த ஊரார், அடுத்த தலைமுறையில் எங்கே போனார்கள் என்பதை நவாபுகளின் பாரசீக ஆவணங்களோடும் மலாய் மாநிலப் பதிவுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெரம்பலூர் மாவட்டத்து லப்பைக்குடிகாட்டிலிருந்தும் அரும்பாவூர்ப் பக்கமிருந்தும் வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் வேலைக்குப் போய்த் திரும்பிய முஸ்லிம், இந்து, கிறிஸ்தவத் தொழிலாளர்கள், வேற்று மதம் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்று சொல்லக்கூடிய வாய்மொழிச் சான்றுகளும் அந்த ஒப்பீட்டில் சேர வேண்டும்.